பதினேழாவது கிணறு பற்றி ஓர் அபிப்பிராயம்

"பேய்னா அதுக்கும் ஒரு நியாயம் இருக்கும்ல சார்?" வீரபாண்டி அந்த நாவலின் தாள்கட்டை வாசல் மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கடைசியில நாப்பது பக்கம் மனசு விட்டுப் பேசுது பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. எழுதுன மனுசன் பிச்சு உதறிட்டாரு!"

செல்வகணேஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாவல்களைக் குரலில் பதிவு செய்து விற்கும் கம்பெனி அது. அங்கே நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கென்றே சம்பளம் கொடுத்து அவனை வைத்திருக்கிறார்கள். வாசல் காவலாளி இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி?

"வீரபாண்டி, பேய் வரணும், பயமுறுத்தணும், போயிரணும். சம்மணம் போட்டு உக்காந்து சுயசரிதை சொன்னா அது பேய் இல்ல, ரிட்டயர்டு ஆபீசர்."

"நீங்க படிச்சவங்க, சொல்லுதீங்க." சங்கரன்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து பதினெட்டு வருஷமான வீரபாண்டிக்கு விட்டுக்கொடுக்கவும் தெரியும், விடாமல் இருக்கவும் தெரியும். "ஆனா அந்தப் பேய் பாவம் சார்."

அப்போதுதான் செல்வகணேஷின் கைபேசி சிணுங்கியது. ஸ்வப்னா மேடம். தமிழ்ப் பிரிவைத் தொடங்கப்போகிற மேலதிகாரி. அந்த வாரம் கொச்சியில் இருந்தார். மலையாளத்தை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பியிருந்தார்.

'செல்வா, ரிப்போர்ட் வாயிச்சு. தகர்த்து! எம்.டி.க்கும் அயச்சு கொடுத்து. வெள்ளியாழ்ச்ச மீட்டிங். காணாம்.'

அவன் அதை மறுபடி ஒருமுறை படித்தான்.

வாயிச்சு என்றால் வாசித்தேன். அயச்சு என்றால் அனுப்பினேன். இந்த மூன்று மாதத்தில் அவ்வளவு மலையாளம் காதில் ஏறியிருந்தது. 'தகர்த்து' என்பதற்கு மலையாளம் எதற்கு, தமிழே போதும். கோட்டையைத் தகர்ப்பார்கள், பாலத்தைத் தகர்ப்பார்கள், இந்த அம்மாள் ரிப்போர்ட்டைத் தகர்த்திருக்கிறார். சந்தேகத்துக்குக் கைபேசியிலிருந்த மொழிபெயர்ப்புச் செயலியிடம் கேட்டான். 'உடைத்து நொறுக்கியது' என்று அது ஈவிரக்கமில்லாமல் சொன்னது.

கடைசியில் அந்தக் 'காணாம்'. அதாவது, பார்க்கலாம். அவன் ஊரான கோவில்பட்டியில் ஒருவன் இன்னொருவனிடம் நாள் குறித்து, 'வெள்ளிக்கிழமை பாக்கலாம்' என்று சொன்னால், வெள்ளிக்கிழமை அந்தத் தெருவில் கடை திறக்க மாட்டார்கள்.

"என்ன சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்றான் வீரபாண்டி.

"வெயிலு."

வெளியே தூறிக்கொண்டிருந்தது.

வீரபாண்டியிடம் அந்தச் செய்தியைக் காட்டியிருக்கலாம். காட்ட முடியாததற்குக் காரணம் இருந்தது. நேர்முகத் தேர்வில் ஸ்வப்னா மேடம், "மலையாளம் அறியாமோ?" என்று கேட்டபோது, "நன்னாயிட்டு அறியாம்!" என்று அவன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தான். 'நன்றாகத் தெரியும்' என்பதற்கான அந்த இரண்டு வார்த்தையைத்தான் ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். அன்றிலிருந்து மேடம் அவனிடம் மலையாளத்தில்தான் பேசுகிறார். எல்லோரும் சிரிக்கும்போது சிரித்து, தலையாட்டும்போது ஆட்டிக் காலத்தை ஓட்டிவிட்டான். வாசலில் தெரிந்தது மாடிக்குத் தெரிய எத்தனை நேரமாகும்?

வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில் கரமனையில் ஆற்றோரமாக ஒரு வீடு பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் மனைவி திவ்யலட்சுமியும் ஆறு வயது மகளும் வருகிறார்கள். வேலைக்காக அவன் ஊர் ஊராக அலையும் இந்த இரண்டு வருஷமாக மகள் அவனுக்குக் கைபேசித் திரையில்தான் வளர்ந்து காட்டிக்கொண்டிருக்கிறாள்.

இதற்கு முன்னால் மூன்று வேலை போயிருந்தது, மூன்றும் அபிப்பிராயத்தால். மதுரையில் ஒரு பத்திரிகையில் முதலாளியின் தொடர்கதையைப் பற்றி முதலாளியிடமே சொன்னான். திருநெல்வேலியில் ஒரு பதிப்பகத்தில், நூறு கதாபாத்திரம் உள்ள மாயாஜால நாவலிலிருந்து தொண்ணூற்றி நாலு பேரை அவனாகவே வெட்டினான். கோவில்பட்டிப் புத்தகக்கடையில் நடந்ததுதான் உச்சம். கடைக்கு வந்தவரின் கையிலிருந்த மர்ம நாவலைப் பிடுங்கி, "இதை வாங்காதீங்க, கொலை பண்ணது தோட்டக்காரன்" என்றான். நாவல் என்று வந்துவிட்டால் அவனுக்குக் கண்மண் தெரியாது. வாளுக்குப் பெயர் இருந்து குதிரைக்குப் பெயர் இல்லாவிட்டால் அந்த மாயாஜாலக் கதையை மூடிவிடுவான். கொலைகாரன் கடைசி அத்தியாயத்தில்தான் முதன்முதலாக வருகிறான் என்றால் எழுதியவரைக் கைது செய்ய வேண்டும் என்பான். 'கடைசி வரியில் திருப்பம் வைக்கிறவன், அதற்கான சாவியை முதல் பக்கத்திலேயே வாசகன் கையில் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது வாசகனுக்குத் தெரியக் கூடாது' என்பது அவனுடைய வேதம்.

அப்படிப்பட்டவனிடம் பன்னிரண்டு தமிழ் நாவல்களைக் கொடுத்து, "ஒள்ளது ஒள்ளதுபோலே எழுது" என்று ஸ்வப்னா மேடம் சொன்னார். உள்ளதை உள்ளபடி இங்கிலீஷில் இருபத்திரண்டு பக்கம் எழுதிவிட்டான். பன்னிரண்டில் ஒன்றுதான் தேறியது. 'நீலாம்பல்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய 'பதினேழாவது கிணறு' நாவலுக்கு மட்டும் முப்பத்தேழு குறை.

மாடிப்படியில் நின்று திவ்யலட்சுமியை அழைத்தான்.

"மறுபடியும் வாயைத் திறந்தீங்களா?"

"திறக்கல. எழுதித்தான் குடுத்தேன்."

மறுமுனையில் பாத்திரம் ஒன்று சத்தமாக வைக்கப்பட்டது. "பன்னெண்டுல யாரோ ஒருத்தர் அவங்களுக்கு வேண்டப்பட்டவரா இருப்பாரு. நீங்க கிழிச்சு வச்சிருப்பீங்க. டிக்கெட் போட்டாச்சு, வீட்டைக் காலி பண்ணியாச்சு. பிள்ளை ஊரெல்லாம் டாட்டா சொல்லிட்டு வந்துட்டா."

"இப்ப என்ன செய்ய?"

"எல்லாம் நல்லா இருக்குன்னு மாத்தி எழுதிக் குடுங்க. நல்லா இருக்குன்னு சொன்னதுக்காக இதுவரைக்கும் யாருக்கும் வேலை போனதில்லை."

அவன் வாழ்க்கையிலேயே மிகக் கடினமான மூன்று மணி நேரம் அது. ஒவ்வொரு வரியையும் தலைகீழாகத் திருப்பினான். 'பேய் நாற்பது பக்கம் பேசுவதே இந்நாவலின் சிகரம். இன்னும் நாற்பது பக்கம் பேசியிருக்கலாம்' என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு முற்றுப்புள்ளி வைத்தான். 'குதிரைக்குப் பெயரிடாமல் விட்டது அடக்கத்தின் அழகு' என்று எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினான். முன்னது காய்ச்சலில் எழுதியது, இதையே எம்.டி.க்கு அனுப்பவும் என்று ஒரு குறிப்பையும் சேர்த்து மேடத்துக்கு அனுப்பினான்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'எந்து பற்றி?'

இதில் குழப்பமே இல்லை. எதைப் பற்றி என்று கேட்கிறார். 'பன்னிரண்டு நாவல்களைப் பற்றியும்' என்று அடக்கமாக எழுதினான்.

மேடத்திடமிருந்து மூன்று கேள்விக்குறி மட்டும் வந்தது. அன்று மாலை வரை அந்த மூன்றையும் அவன் எடுத்து எடுத்துப் பார்த்தான். மூன்றும் கொக்கிபோல் வளைந்துதான் இருந்தன.

வியாழக்கிழமை காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும், ஆள்விவகாரம் பார்க்கும் ரெஷ்மா அவன் மேசைக்கு வந்தாள். அவள் கொஞ்சம் தமிழ் பேசுவாள்.

"செல்வா சேட்டா, ஐடி கார்டு திருப்பித் தரணும் கேட்டோ. நாளைக்கு ராவிலே, காலையிலேயே."

"ஐடி கார்டையா?"

"ம். எந்து பற்றி, என்ன ஆச்சு சேட்டா, முகம் வாடிப்போச்சு? பின்னே இந்த மேசையும் ஒழிச்சுத் தரணும். மேடம் பறஞ்ஞு." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் அவனைக் கொன்றது. எத்தனை நாவலில் படித்திருக்கிறான்! கழுத்தில் கயிறு விழுவதற்கு முன்னால் எல்லோரும் ஏன் இவ்வளவு அன்பாகிவிடுகிறார்கள்?

காற்று வாங்க வாசலுக்குப் போனால் அங்கே வீரபாண்டி வேறு. "சார், மேல மூலை ரூமுக்குப் பெயிண்ட் அடிக்காங்க, பாத்தீங்களா? 'தமிழ்ப் பிரிவுத் தலைவர்'னு பலகை வந்திருக்கு. பேரு மட்டும் இன்னும் எழுதல. யாரோ புது ஆளு போல."

மூன்று துப்பு. கார்டு, மேசை, புது ஆள். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் துப்பறிகிறவன் நான்காவதைத் தேடி நேரத்தை வீணாக்க மாட்டான். இனி தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த வேண்டப்பட்டவர் யார்?

மிக மோசமாகக் கிழித்தது யாரை? நீலாம்பலை. தாள்கட்டின் கடைசிப் பக்கத்தில் உண்மைப் பெயரும் எண்ணும் இருந்தன. வேதமாணிக்கம், பாறசாலை. அவரிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டால்? அவர் ஒரு வார்த்தை சொன்னால் மேடம் மனம் இறங்க மாட்டாரா? மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொண்டு எண்ணை அழுத்தினான்.

"யாருவே பேசுது?"

"ஐயா, வணக்கம். 'பதினேழாவது கிணறு' விஷயமா, ஒலிப்புத்தகக் கம்பெனியிலிருந்து செல்வகணேஷ்."

"அப்பிடிச் சொல்லும்!" குரலில் தேன் வழிந்தது. "எனக்க நாவலை எடுத்தாச்சா? சுசீலாபாய், இஞ்ச ஓடிவா, கம்பெனிக்காரர் கூப்பிடுதாரு!"

"அதில்லைங்கய்யா. நான் எழுதின ரிப்போர்ட்டுக்கு மன்னிப்புக் கேக்கணும்னுதான்..."

"எந்த ரிப்போர்ட்டு?"

செல்வகணேஷுக்கு அப்போதுதான் உறைத்தது. இவருக்கு ஒன்றுமே தெரியாது. அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்று மூளை சொன்னது. ஆனால் நாவலைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமலிருக்க அந்த வாய்க்குப் பழக்கமில்லை.

"இல்லைங்கய்யா... சின்னச் சின்னக் குறை. ஒரு முப்பத்தேழு."

"முப்பத்தேழா?"

"அதுல இருபது, பேய் பேசுறதைப் பத்தி."

"வே! நான் முப்பத்தஞ்சு வருசம் ஹெட்மாஸ்டராட்டு இருந்தவனாக்கும். அந்தப் பேயி யாருன்னு ஒமக்குத் தெரியுமா? எனக்க சொந்த அத்தையாக்கும்! நாப்பது பக்கமும் அவ சொன்னது அப்பிடியே எழுதினது!"

"ஐயா, உண்மையா நடந்ததுங்கிறதுக்காக அது நல்லா இருக்கணும்னு அவசியம் இல்லைங்கய்யா..." மன்னிப்புக் கேட்க வந்தவன் இதைச் சொல்லலாமா? வாயை மூடிக்கொள்வதற்குள் வாக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"வையும் போனை! நான் அந்த ஸ்வப்னாகிட்ட பேசிக்கிடுதேன்!"

அரை மணி நேரத்தில் ஸ்வப்னா மேடத்திடமிருந்து அழைப்பு வந்தது. அவன் எடுக்கவில்லை. செய்தி என்றால் நாலு தடவை படிக்கலாம், வேகமாகப் பேசுகிற மலையாளத்தை என்ன செய்வது? மறுபடி அழைத்தார். மூன்றாவது முறையும் அழைத்தார். பிறகு செய்தி வந்தது. 'வேதமாணிக்கம் சார் விளிச்சு. ஆகே பிரச்னம். போன் எடுக்கு!'

'இங்கே நெட்வொர்க் இல்லை மேடம்' என்று பதில் அனுப்பினான். அது அந்த நொடியே போய்ச் சேர்ந்து, படித்ததற்கான நீல அடையாளமும் விழுந்தது.

அவ்வளவுதான். இனி எந்த நாவலாசிரியராலும் இவனைக் காப்பாற்ற முடியாது.

அன்று மாலை கரமனை வீட்டில், இன்னும் பிரிக்காத பாயின்மேல் உட்கார்ந்திருந்தான். மகளுக்கு என்று வாங்கி வைத்த சின்ன நாற்காலி எதிரே இருந்தது. திவ்யலட்சுமி கூப்பிட்டபோது மகள்தான் பேசினாள். "அப்பா, அங்க ஜன்னல்ல இருந்து ஆறு தெரியுமா?" "தெரியும்டா" என்றான். அதற்குமேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று, சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான். அவனுக்கு அழுகையாக வந்தது. ஒரே ஒருமுறை, ஒரே ஒரு நாவலைப் பற்றி, 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று தன்னையே திட்டிக்கொண்டான். இருந்தாலும் அந்த நாற்பது பக்கத்தை நினைத்தால் இப்போதும் கோபம்தான் வந்தது.

மூன்று முறையும் அவனைத் துரத்தித்தான் விட்டார்கள். இந்த முறையாவது தானாகப் போக வேண்டும் என்று முடிவு செய்தான். ராஜினாமாக் கடிதத்தில், தகுதிகாண் காலத்தோடு விலகிக்கொள்கிறேன் என்று ஆரம்பித்து ஒரே பத்தியில் முடித்திருக்க வேண்டும். கை சும்மா இருக்குமா? 'முதல் ரிப்போர்ட்டில் எழுதிய ஒவ்வொரு வரியும் என் உண்மையான அபிப்பிராயம். இரண்டாவது, பயத்தில் எழுதியது. தகர்த்தவர்கள் தகர்த்துக்கொள்ளட்டும்' என்று சேர்த்துவிட்டான். எழுதியதும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, யாரும் வருவதற்கு முன்னால், ஸ்வப்னா மேடத்தின் அறைக்குப் போனான். கடிதத்தை மேசையின் நட்டநடுவில் வைத்து, பறக்காமலிருக்க மேலே ஒரு கண்ணாடி உருண்டையையும் வைத்தான். தன் மேசையிலிருந்த இரண்டு பேனாவையும் மகளின் படத்தையும் பையில் போட்டுக்கொண்டான். மூலை அறையில் பெயிண்ட் வாசனை அடித்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே இறங்கி வந்தான்.

வாசலில் வீரபாண்டியின் கையில் ஐடி கார்டைக் கொடுத்தான். "ரெஷ்மா வந்தா குடுத்துரு."

"எங்க சார், பையும் கையுமா?"

"ஊருக்கு."

அவன் அடுத்த அடி வைப்பதற்குள் ஒரு கார் ஹாரன் அடித்தது. வீரபாண்டி ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். பின்சீட்டில் ஸ்வப்னா மேடம். கண்ணாடியை இறக்கினார். களைத்திருந்தார், ஆனால் சிரித்தார்.

"செல்வா! வேதமாணிக்கம் சாரினே ஞான் சமாதானிப்பிச்சு. பின்னே ஆ ரண்டாமத்தே ரிப்போர்ட், அது எந்தொரு தமாசா! வா, மீட்டிங்கில் காணாம்."

தமாஷ் என்கிறார். மறுபடியும் 'காணாம்' என்கிறார். அதுவும் சிரித்துக்கொண்டே. செல்வகணேஷ் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவன் தலையாட்டினான். கார் உள்ளே போய் நின்றது. மேடம் இறங்கிப் படியேறுவது தெரிந்தது.

"மேடம் கூப்பிட்டுட்டுப் போறாங்க, நீங்க ஊருக்குங்கீங்க. என்ன சார் நடக்கு?" வீரபாண்டி வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? பதினெட்டு வருஷமாக இந்த வாசலில் எத்தனை பேர் பையோடு போனதை இவன் பார்த்திருப்பான்!

"என்னை வேலையை விட்டு அனுப்புறாங்க வீரபாண்டி. நானே முந்திக்கிட்டேன். லெட்டர் அவங்க மேசையில இருக்கு."

"அனுப்புறாங்களா? யாரு சொன்னா?"

"இதைப் பாரு." கைபேசியைத் திறந்து புதன்கிழமைச் செய்தியை நீட்டினான். "என் ரிப்போர்ட்டை என்ன செஞ்சாங்கன்னு அவங்களே எழுதியிருக்காங்க. எம்.டி.க்கும் அனுப்பியிருக்காங்க. கார்டைத் திருப்பிக் கேட்டாச்சு, மேசையைக் காலி பண்ணச் சொல்லியாச்சு. மூலை ரூம்ல புது ஆளு வர்றாரு. இன்னும் என்ன வேணும்?"

வீரபாண்டி கைபேசியை வெளிச்சத்தில் பிடித்து, உதட்டை அசைத்து ஒருமுறை படித்தான். தலையைச் சொறிந்துகொண்டு இன்னொருமுறை படித்தான். பிறகு மாடியை அண்ணாந்து பார்த்தான். ஸ்வப்னா மேடத்தின் அறையில் அப்போதுதான் விளக்கு எரிந்தது.

"புதன்கிழமை நான் அந்த நாவல் எழுதுனவரைப் பத்தி, 'பிச்சு உதறிட்டாரு'ன்னு சொன்னேன்ல சார், அதைத்தான் இந்த ஊர்க்காரங்க 'தகர்த்து'ன்னு சொல்லுவாங்க."